காசு இல்லைன்னா வேற என்னங்க?

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்களில் கருநீலம் ஏறியிருந்தது. கைக்குட்டையை மெதுவாகப் பிரித்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த செம்பு வில்லையை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒரு பக்கம் பட்டாபிஷேக ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமன். மறுபக்கம் ஆங்கில எழுத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818.

“அண்ணா, இது அரிசிய இழுக்குமுங்களா?”

திருப்பூர் காதர்பேட்டையில், பனியன் மூட்டைகள் இறங்கும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த மேஜை. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை அந்தத் தெருவே ‘காசுக்காரர்’ என்றுதான் அழைக்கிறது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. “என்ன குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நாப்பதாயிரமுங்க. நானும் மச்சானும் பாதிப் பாதி.”

இந்த ஒரு வில்லையை மட்டும் காசுக்காரர் முப்பது வருஷத்தில் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார். 1616, 1717, 1818, 1839 என்று ஆண்டு மாறும், கனம் மாறும், சாமி மாறும், சங்கதி ஒன்றுதான். இது காசு இல்லை என்று நிறுவ இரண்டே விஷயம் போதும். ‘ஒரு அணா’ என்ற மதிப்பில் தனி நாணயம் இந்தியாவில் முதன்முதலாக வந்தது 1907-இல். அதுவும் செம்பில் இல்லை, வளைந்து வளைந்து போகும் விளிம்போடு நிக்கல் கலந்த உலோகத்தில். கம்பெனியின் ஆட்சியோ 1858-இலேயே முடிந்துவிட்டது. கம்பெனி அடித்த செம்புக் காசுகளில் அரை அணா உண்டு, கால் அணா உண்டு, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கும் உண்டு. ஒரு அணா கிடையாது.

இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து 1835-ஆம் ஆண்டின் அசல் கால் அணா ஒன்றை எடுத்து, வந்தவர் உள்ளங்கையில் வைத்தார். எழுத்தின் கூர்மையை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு ராமர் வில்லையைத் தடவச் சொன்னார். அதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, மெழுகில் செய்தது போல வழுவழுவென்றிருந்தது. அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வித்தியாசம் அது. அச்சில் அடிபடும் உலோகம் எழுத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிற்கும். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும், சின்னச் சின்னக் குழிகளை விடும், அச்சுப் பெட்டியின் இரண்டு பாதி சேர்ந்த இடம் விளிம்பில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்திருந்தார்கள். அரத்தின் கீறலும் தெரிந்தது.

“அரிசி இழுத்துச்சுங்கண்ணா, என் கண்ணாலயே பார்த்தேன்.”

இழுத்திருக்கும். வில்லைக்குள் காந்தம் வைத்திருப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த அரிசியில் இரும்புத் துணுக்கு செருகியிருப்பார்கள். ‘ரைஸ் புல்லிங்’, ‘இரிடியம்’ என்று பெயர் சொல்லி நடக்கும் இந்த ஏமாற்றுக்குக் கொங்குப் பக்கத்தில் தோட்டத்தை விற்றவர்கள் உண்டு. 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படத்தில் இதை விலாவாரியாகக் காட்டிய பிறகும் நிற்கவில்லை. “உங்க வீட்டு அரிசிய எடுத்துட்டு வாங்க, இங்கயே வெச்சுப் பார்க்கலாம்” என்றார் காசுக்காரர். வந்தவர் போகவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது: “காசு இல்லைன்னா, அப்ப இது வேற என்னங்க?”

தன் தொழிலே இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்பார் காசுக்காரர். ‘இது காசு இல்லை’ என்று யாரும் சொல்லிவிடலாம். அதோடு நிறுத்திவிட்டால், எடுத்து வந்தவர் அதைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போவார். பிறகு அது என்னவாக இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

*

அவர் காசு படித்து வந்தவரில்லை. ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் சேர்ந்தவர். நிட்டிங்கிலிருந்து வரும் ரோலில் ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை பார்ப்பது, ஜிஎஸ்எம் எடுப்பது. திருப்பூரில் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: வட்டமான கட்டரைத் துணிமேல் வைத்துத் திருகினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் அறுந்து வரும். அதைச் சின்னத் தராசில் நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. அந்தத் தராசு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். கம்பெனி புதுத் தராசு வாங்கியபோது பழையதைக் கழித்துவிட்டார்கள். அவர் அதை விலை கொடுத்து வாங்கி வந்தார். இன்றும் மேஜையில் இருப்பது அதுதான். பக்கத்தில் துணியின் இழையெண்ணும் மடக்கு லென்ஸ், ஒரு வெர்னியர், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், ஓவர்லாக் நூல்கண்டு ஒன்று. நூல் எதற்கு என்பது பின்னால் வரும்.

துணி செக்கிங்கில் பழகிய கண் அவருக்கு ரொம்ப உதவியிருக்கிறது. இயந்திரம் செய்யும் தப்பு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். கை செய்யும் தப்பு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். ஊசி ஒன்று உடைந்தால் துணி முழுக்க ஒரே கோடு. இரண்டு பழங்காசுகளில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் இருந்தால் அவை ஒரே வார்ப்பில் வந்தவை. சந்தைகளில் ‘சோழர் காசு’ என்று சாக்குப் பரப்பி விற்பவற்றில் பாதியை அவர் இப்படித்தான் ஒதுக்குகிறார்.

ராமர் வில்லைக்குத் திரும்புவோம். தொடக்க காலத்தில் அவர் வேறொரு வாதம் வைத்திருந்தார்: “வெள்ளைக்காரன் எங்கயாவது நம்ம சாமிய காசுல போடுவானா?” கேட்டவர்கள் தலையாட்டிப் போனார்கள். ஒருநாள் கோவையிலிருந்து வந்த ஒரு பெரியவர், சட்டைப் பையிலிருந்து மிளகுக்குச் சற்றுப் பெரிய பொன்னுருண்டை போன்ற காசை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் வேங்கடவன், இரு பக்கமும் தேவியர். சென்னைக் கோட்டையில் கம்பெனி அடித்த மூன்று சாமி வராகன் அது. அதோடு நிற்கவில்லை; 1808 வாக்கில் கம்பெனி வெளியிட்ட கால் வராகன் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இந்த ஊர்ச் சனங்கள் நம்பிப் புழங்கிய உருவத்தைத்தான் வியாபாரிகள் காசில் போட்டார்கள். முடிவு சரியாக இருந்தும் தன் காரணம் தப்பு என்பது அன்று அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த வாதத்தை விட்டுவிட்டார்.

அப்படியானால் ராமர் வில்லை என்ன? அதன் மூதாதைக்கு ராமடங்கா என்று பெயர். யாத்திரைத் தலங்களில் வாங்கி, வீட்டுப் பூஜைப் பெட்டியிலும் கல்லாவிலும் வைத்துக் கும்பிட்ட சாமி வில்லை. நல்ல பழையவை வெள்ளியிலும் உண்டு, பொன்னிலும் உண்டு, அடித்தவையும் உண்டு. சிலவற்றில் 51740 என்று ஓர் எண் இருக்கும். அதை ஆண்டு என்று நினைத்துக் குழம்பாதவர் இல்லை. பிராட்மன் 1970-இல் இவற்றுக்கென்றே ஒரு வழிகாட்டி எழுதினார். மைக்கேல் மிட்சினர் 1998-இல் ‘இந்தியன் டோக்கன்ஸ்’ என்று கனத்த புத்தகமே போட்டார். கம்பெனிப் பெயர் போட்டவை இந்த பக்தி வில்லைகளின் கடைசிக் காலத்துப் பிள்ளைகள். யாரோ ஒரு பட்டறைக்காரர் பழமைக்காக ஒரு பெயரையும் ஆண்டையும் சேர்த்து வார்த்தார். மற்றவர்கள் அதைப் பார்த்து வார்த்தார்கள். “பூஜை ரூம்ல வெச்சுக் கும்புடுங்க, தப்பில்ல. போலீஸ் ஸ்டேசன்ல ஒரு எழுத்து எழுதிக் குடுத்துடுங்க” என்று அனுப்பினார் காசுக்காரர்.

*

பொன் விஷயம் இதைவிடச் சங்கடமானது. அதில் வீட்டுப் பெண்களின் வாழ்க்கை இருக்கிறது.

நாம் தங்கத்தைப் ‘பவுன்’ என்று எண்ணுவதே ஒரு காசின் பெயரால்தான். ஆங்கிலேயரின் சவரன் காசு 7.98 கிராம், அதுவே நம் கணக்கில் எட்டு கிராம் ஆயிற்று. விக்டோரியா தலை போட்ட சவரன்களைக் காது வைத்துக் கோத்துக் காசுமாலை செய்துகொண்ட குடும்பங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் நிறைய. பாகப் பிரிவினை வரும்போது அந்த மாலை காசுக்காரர் மேஜைக்கு வரும். அடகுக்கடை வேண்டாம், அசலா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள்.

அப்படி வந்த ஒரு மாலையில் பதினேழு காசுகள். பாட்டி, மகள், இரண்டு மருமகள்கள், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பதினாறைப் பார்த்து முடித்தவர், பதினேழாவதில் லென்ஸை எடுக்காமல் நின்றார். அளவு சரி. ஒரு பக்கம் இளம் விக்டோரியாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆள், கீழே டிராகன். சவரனில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் போலவே இருக்கிறது. ஆனால் செயின்ட் ஜார்ஜ் தலையில் போர்க் கவசம், உடம்பு வெற்றுடம்பு. இங்கே குதிரை ஏறியவன் தலையில் ராஜா கிரீடம். மேலே இரண்டு சொல்: ‘டு ஹானோவர்’. கீழே 1837.

அந்த ஆண்டே காட்டிக்கொடுத்துவிடும். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837. அவர் பெயரில் முதல் சவரன் வந்தது 1838-இல். அதில் குதிரையே கிடையாது, கேடயச் சின்னம்தான். விக்டோரியா சவரனில் குதிரை ஏறியது 1871-இல். ஆக, 1837-ஆம் ஆண்டுக் குதிரைச் சவரன் என்று ஒன்று இருக்கவே முடியாது.

அது சீட்டாட்டக் காய். இங்கிலாந்தில் பர்மிங்காம் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய பித்தளை வில்லை. கதை இது: ஹானோவர் நாட்டின் சட்டப்படி பெண் பட்டத்துக்கு வர முடியாது. இங்கிலாந்துக்கு விக்டோரியா அரசியானபோது, ஹானோவர் அரசு அவருடைய சித்தப்பா கம்பர்லாந்து கோமகனுக்குப் போயிற்று. இங்கிலாந்து மக்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ‘போய்த் தொலை ஹானோவருக்கு’ என்று விரட்டும் எண்ணத்தில் அவரைக் குதிரையில் ஏற்றி அடித்த வில்லை, பிறகு விஸ்ட் ஆட்டத்தில் புள்ளி எண்ணும் காயாகிவிட்டது. ‘கம்பர்லாந்து ஜாக்’ என்று அதற்குச் செல்லப்பெயர். சவரனைப் போலவே இருந்ததால் இருட்டில் சவரனாகவும் மாற்றினார்கள். 1883-இல் காசு போலத் தோன்றும் வில்லைகளை அங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று ‘ஸ்பேடு கினி’. மூன்றாம் ஜார்ஜ் 1787 முதல் 1799 வரை அடித்த பொன் கினியின் பின்பக்கக் கேடயம் சீட்டுக்கட்டின் ஸ்பேடு வடிவில் இருக்கும். அதனால் அந்தப் பெயர். அசல் கினியில் கேடயத்தைச் சுற்றி அரசரின் பட்டப் பெயர்கள் ஒற்றை ஒற்றை எழுத்தாக வரும். ஆட்டக் காயில் அந்த இடத்தில் ‘அந்த நல்ல பழைய நாட்களின் நினைவாக’ என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த யாரும் ஏமாற மாட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மஞ்சளாக ஒரு ராஜா தலை.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது? காசுக்காரர் வாயால் சொல்லவில்லை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கினார். ஓவர்லாக் நூலில் நல்ல சவரன் ஒன்றைக் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 0.45 காட்டியது. காசின் எடையை அதனால் வகுத்தால் பதினேழே முக்கால் பக்கம் வரும். இருபத்திரண்டு கேரட் பொன்னின் அடர்த்தி அது. பிறகு பதினேழாவதைக் காதோடு நிறுத்தார்: 3.10 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டார்: 0.36. வகுத்தால் எட்டரை சொச்சம். பித்தளை.

பாட்டி எண்களைப் பார்க்கவில்லை. காசுக்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியுஞ் சாமி” என்றார். “எங்க மாமியா கோக்கறப்பவே ஒண்ணு பத்தல. சந்தையில ஒருத்தன் குடுத்ததுன்னு சேத்துக் கோத்தாங்க. எண்ணிக்கை ஒத்தப்படையா இருக்கோணுமில்ல.”

பேரம் பேச வந்த மருமகள்கள் இருவரும் அன்று ஒன்றும் பேசவில்லை. அந்தப் பித்தளையை மாலையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று காசுக்காரர் சொன்னார். சந்தையில் அதற்குச் சில நூறு ரூபாய் கிடைத்தால் அதிகம். பர்மிங்காமில் அடிபட்ட ஒரு சூதாட்டக் காய், எந்தத் துரை மூட்டையிலோ கப்பலேறி, ஒரு கொங்கு வீட்டுப் பெண்ணின் கழுத்தில் எண்ணிக்கை நிரப்பியிருக்கிறது. அதைப் பிரித்தால் அது மறுபடி வெறும் பித்தளை.

*

ஆட்டக் காய் என்றதும் நொய்யலை விட்டுவிட முடியாது. திருப்பூரின் நடுவே ஓடும் ஆற்றின் வழியே கிழக்கே போனால், சென்னிமலைக்குப் பக்கத்தில் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழ்ந்தது. பிறகு பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் 2012-இல் மறுபடி அகழ்ந்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், மணி செய்யும் பட்டறைகள், இரும்புருக்கிய உலைகள் வெளிவந்தன. மணிக்கல்லுக்கு எங்கோ போக வேண்டியதில்லை. பச்சைக்கல் விளைந்த படியூர் இன்றைய திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அந்தப் பக்கத்து உழவர்கள் ஏர் ஓட்டும்போது கிடைக்கும் வட்டமான ஓட்டுச் சில்லுகளை ‘மண் காசு’ என்று எடுத்து வருவார்கள். அவை காசு இல்லை. உடைந்த பானையின் ஓட்டை வட்டமாகக் கொத்தி, கல்லில் உரைத்து ஓரம் வழித்த சில்லுகள். நம் பிள்ளைகள் பாண்டி ஆட எடுக்கும் அதே சில்லு. கீழடியில் இவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, பகடையோடும் ஆட்டக்காய்களோடும்.

ஆனால் நடுவில் துளை இருந்தால் கதை மாறும். கொடுமணலில் நூல் நூற்கும் தக்களிக் குண்டுகள் கிடைத்திருக்கின்றன, நடுவே இரும்புக் கம்பி செருகியபடி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் பருத்தி நூல் திரிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆட்டச் சில்லா தக்களியா என்று பிரிக்கக் காசுக்காரர் மூன்று விஷயம் பார்ப்பார். துளை நட்டநடுவில் இருக்கிறதா? தக்களி சுழல வேண்டும், அரை நூல் விலகினாலும் ஆடும். துளையின் உள்சுவர் வழுவழுப்பாக, கம்பி உராய்ந்த பளபளப்போடு இருக்கிறதா? விளிம்பு எங்கே தேய்ந்திருக்கிறது? எறிந்து விளையாடிய சில்லின் விளிம்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில்லுப் போயிருக்கும். தக்களியின் விளிம்பு சீராக இருக்கும். துளையைப் பாதி குடைந்து விட்டுவிட்டதும் உண்டு. அது எனக்குப் பிடித்த வகை: ஒருவர் தக்களி செய்ய ஆரம்பித்து, ஓடு விரிந்ததும் பிள்ளையிடம் விளையாடக் கொடுத்திருக்கலாம். இது என் ஊகம்தான். காசுக்காரர் இப்படி ஊகிப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒன்றில் மட்டும் அவர் கண்டிப்பு. ஓட்டைக் கழுவக்கூடாது, திருப்பிப் பார்க்காமல் இருக்கவும் கூடாது. சில்லாக வெட்டிய ஓட்டில் பழைய கீறலின் ஒரு கால், ஓர் எழுத்தின் பாதி தப்பியிருக்கலாம். எந்தக் காட்டில், எந்த மூலையில் எடுத்தது என்று உறைமேல் எழுதச் சொல்வார். உண்மையான புதையல் என்று தெரிந்தால் வாங்கவே மாட்டார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். இது வெறும் எச்சரிக்கை இல்லை. இந்த மண்ணில் அது நடக்கக்கூடியதுதான். கோவை வெள்ளலூரில் 1842-இல் ஒரே பானையில் ஐந்நூறுக்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை.

*

அவர் வாழ்க்கையில் மறக்காத ஒரு பிழை ஈயத்தில் நடந்தது. மேஜை போட்ட இரண்டாம் வருஷம். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து ஒருவர் ஒரு ஈயத் துண்டு கொண்டுவந்தார். கொட்டைப்பாக்கு அளவு, தட்டையான வட்டம், ஒரு பக்கம் புடைத்திருந்தது, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. வலையில் கட்டும் ஈயம் என்று நினைத்தார். வெள்ளையை எடுத்துப் பார்க்கலாம் என்று, பட்டறையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஆசிடில் போட்டார். ராத்திரி போட்டது, காலையில் எடுத்தபோது இதய வடிவக் கோடு ஒன்றின் நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் தலையில் 4 போல ஒரு குறி.

பல வருஷம் கழித்துக் கம்பெனியின் செம்புக் காசு ஒன்றில் அதே இதயத்தைப் பார்த்தார். 1794-இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த ரூபாயில் நாற்பத்தெட்டில் ஒரு பங்குக் காசு. இதயத்தை நான்காகப் பிரித்து எழுத்துகள், மேலே 4 போன்ற குறி. கம்பெனியின் மூட்டைக் குறி அது. துணி மூட்டையைக் கட்டி, யாருடைய சரக்கு என்று தெரிய அதன்மேல் இடும் அடையாளம். வியாபாரிகள் ராஜாங்கம் நடத்த வந்தபோது மூட்டைக் குறியைத்தான் காசிலும் போட்டார்கள். அவர் ஆசிடில் கரைத்தது அப்படி ஒரு சரக்கின் ஈய முத்திரையாக இருந்திருக்க வேண்டும்.

துணி முத்திரையின் கட்டமைப்பு தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. இரண்டு ஈய வட்டங்களை ஒரு பட்டை இணைக்கும். ஒன்றில் குமிழ், மற்றதில் துளை. துணி ஓரத்தை நடுவில் வைத்து மடித்து, குமிழைத் துளைக்குள் செருகி, மேலே அச்சு வைத்து அடிப்பார்கள். அதனால்தான் ஒரு பக்கம் புடைப்பு. சில முத்திரைகளின் உள்பக்கம் துணியின் நெசவே பதிந்திருக்கும்: ஊடும் பாவும், இழை எண்ணும் அளவுக்கு. துணி மக்கிப் போனாலும் ஈயம் அதை வைத்திருக்கும்.

“பத்து வருஷம் துணி செக் பண்ணவன் நான். அந்த ஈயத்துக்குள்ள நெசவு இருந்திருந்தா, இத்தனாம் நம்பர் துணின்னு சொல்லியிருப்பேன். கரைச்சுப்போட்டேன்” என்பார். இதைச் சொல்லும்போது இன்றும் குரல் இறங்கிவிடும். ஆசிட் பாட்டிலை அன்றே கொட்டிவிட்டார். மேஜைக்குப் பின்னால் சுவரில் கையால் எழுதிய அட்டை தொங்குகிறது: ‘கழுவிக் கொண்டு வராதீர்கள்.’

*

மேஜைக்கு வருபவற்றில் மிக அதிகம், யாரும் மதிக்காதவைதான். நடுவில் ஓட்டை போட்ட 1943-ஆம் ஆண்டுப் பைசாவை வாஷர் என்று மெஷின்களில் மாட்டி வைத்திருப்பார்கள்; அது வாஷர் இல்லை, யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்த அரசாங்கம் அடித்த நல்ல காசு. நேர்மாறாக, காசு என்று சேர்த்து வைத்திருப்பது சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனாக இருக்கும். மேலே கயிறு கோக்கும் துளை, நடுவில் எண், அவ்வளவுதான்.

மில் டோக்கன் தனி இனம். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து இந்தப் பகுதி ஆலைக்காரர்களின் பகுதி. திருப்பூரில் பஞ்சு அரவை ஆலைகள், 1925 வாக்கில் முதல் பனியன் பட்டறை. ஆளுக்கொரு டிக்கெட் நம்பர், நம்பருக்கொரு பித்தளை வில்லை. கேட்டில் டைம் ஆபீஸ் பலகையில் மாட்டினால் வந்ததாகக் கணக்கு. இந்த வில்லைகளில் காசுக்காரர் முதலில் பார்ப்பது எண்ணைச் சுற்றிய பளபளப்பு. எண் ஒவ்வொன்றும் தனித்தனி உளியால் அடித்தது; 4 சற்றுச் சாய்ந்திருக்கும், 7 ஆழமாக இருக்கும். சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் அடியில் இன்னோர் எண்ணின் நிழல் தெரியும். ஒருவர் நின்றுபோனதும், எண்ணைச் சமன்படுத்தி அடுத்தவருக்கு அடித்துக் கொடுத்தது. இரண்டு பேர் வேலை செய்த வில்லை அது. ஏலத்தில் அதற்கு விலை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஆலைத் தொழிலாளரின் பெயர்ப் பட்டியல்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

இந்த வில்லைகளில் ரூபாய் அணாக் கணக்கு ஏன் அபூர்வம் என்பதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். 1889-இல் உலோக டோக்கன் சட்டம் வந்தது. காசாகப் புழங்கும்படி தனியார் உலோக வில்லை செய்யக்கூடாது. 2011-இல் நாணயச் சட்டம் வந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதனால் முதலாளிகள் தொகையை விட்டு எண்ணையும் பொருளையும் போட்டார்கள் என்பது அவர் எண்ணம். கடலுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. இலங்கையில் காபி செழித்த காலத்தில் கொழும்புக் கம்பெனிகள் தங்கள் பெயரும் ஆலையின் பெயரும் பொறித்த வில்லைகளைக் காபிக் கொட்டை பொறுக்கிய கூலிக்காகக் கொடுத்தன; கொட்டிய கூடைக்கு ஒரு வில்லை, பிறகு அதைக் கொடுத்துச் சம்பளம். காட்ரிங்டன் 1924-இல் எழுதிய இலங்கைக் காசு நூலைப் புரட்டியபோது காசுக்காரருக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர், பண்டலுக்கு ஒரு சீட்டுக் கிழித்து ரப்பர்பேண்டில் கட்டி வைத்து சனிக்கிழமை கணக்குப் பார்ப்பதும் அதுதானே.

போன தையில் ஒரு வில்லை வந்தது. அலுமினியம், எட்டணா அளவு, 1.4 கிராம். நடுவில் முக்கோணமாகத் துளை. ஒரு பக்கம் ஆங்கில ‘சி’. மறுபக்கம் எதுவும் இல்லை. ஒரு பழைய மில்லின் பெயர் சொல்லி, அதன் இரும்புச் சாமான் ஏலத்தில் எடுத்தது என்றார் கொண்டுவந்தவர். காசுக்காரர் கேன்டீன் என்று முடிவு செய்தார். சி என்பது கேன்டீன். துளை போட்டது டீக்கு. உறைமேல் பென்சிலால் ‘டீ டோக்கன்’ என்று எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டுக்காகப் பழைய தபால் தலை கேட்டு ஒரு பெரியவர் வந்தார். தலை கிடைத்தது. போகத் திரும்பியவர் கண்ணாடிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது எங்க மில்லுதாப்பா. இருபத்தெட்டு வருசம் நைட் சிப்ட்டு.”

“டீ டோக்கனுங்களா ஐயா?”

“டீக்கு வட்ட ஓட்டை. இது மூணு மூலை. லைன்ல நிக்கறப்ப கரண்ட்டு போயிரும். பாக்கெட்டுக்குள்ளயே விரல விட்டுத் தடவி எடுத்து நீட்டுவோம். மூணு மூலைன்னா வடை.” கண்ணாடியைத் தூக்கச் சொல்லி வில்லையைக் கையில் வாங்கினார். பார்க்கவில்லை. கட்டைவிரலைத் துளையில் வைத்துச் சுற்றினார். “உளுந்து வடை. வெள்ளிக்கிழமை மட்டும் மசால் வடை.”

காசுக்காரர் மில்லின் பெயரையும், ஷிப்ட் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதையும் கேட்டார். பெரியவர் சொல்லச் சொல்ல உறையைத் திருப்பி எழுதிக்கொண்டார். முன்பக்கத்து ‘டீ’யை ரப்பரால் அழித்து ‘வடை’ என்று போட்டார். அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில், ‘வெள்ளி: மசால்’.